ஒரே பெயர், இரண்டு கோப்பு: லிங்கர் ஏன் மறுக்கிறது?

கல்லூரிக் கணினியில் ஒழுங்காக ஓடிய சி நிரல், புதிய மடிக்கணினியில் 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று நின்றுவிடுகிறதா? நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஜிசிசி கம்பைலர். இன்டெல், இன்ஃபினியான் ஆலைகள் உள்ள கூலிமில் பயிற்சிக்குப் போகும் கனவோடு சி படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிவிஷன் கிராணியும் தம் செக்ரோலை மட்டும் பார்த்துக் கணக்கெழுதுவார். கம்பைலரும் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். எல்லா ஏடுகளையும் சேர்க்கும் தோட்ட ஆபீஸ்தான் லிங்கர்.

இரண்டு கோப்புகளில், ஃபங்ஷன்களுக்கு வெளியே, தொடக்க மதிப்பு தராமல் 'இன்ட் மொத்தம்' என்று எழுதுகிறீர்கள். பழைய ஜிசிசி இரண்டையும் பொதுச் சின்னமாகக் குறிக்கும். லிங்கர் சத்தமில்லாமல் ஒரே இடமாக்கிவிடும். ஃபோர்ட்ரான் மொழியின் 'காமன்' பகுதியை ஒத்த பழக்கம் இது.

வசதிதான். ஆனால் ஒரு கோப்பில் 'மொத்தம்' என்பது ஆள் எண்ணிக்கை, மற்றதில் பாலின் கிலோ என்றால்? முதல் கோப்பு 42 பேர் என்று எழுதும். அடுத்தது அதே இடத்தில் 610 என்று எழுதும். சம்பளப் பட்டியல் 610 பேருக்குத் தயாராகும்! பிழைச்செய்தி எதுவும் வராது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கோப்பும் சரி என்பதால் தேடுவதும் பெரும்பாடு.

2020 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 10, இந்த இணைப்பை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டது. அதே ஆண்டு கிளாங் 11-உம் பின்தொடர்ந்தது. பழைய லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றைத் திருத்த வேண்டி வந்தது. என்னைக் கேட்டால், தாமதமாக வந்த நல்ல முடிவு.

பெரும்பாலும் குற்றவாளி ஹெடர் கோப்புதான். மாறியை அங்கே வரையறுத்தால், அதைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு நகல் உருவாகும். 'இஃப்என்டெஃப்' காவல் போட்டிருக்கிறோமே என்பீர்கள். அது ஒரே கோப்புக்குள் இருமுறை நுழைவதை மட்டுமே தடுக்கும்.

ஹெடரில் 'எக்ஸ்டெர்ன் இன்ட் மொத்தம்' என்று அறிவியுங்கள். ஏதேனும் ஒரே ஒரு சி கோப்பில் வரையறுங்கள். கோப்புக்குள் மட்டும் வேண்டிய மாறிக்கு 'ஸ்டேட்டிக்' போதும். 'எஃப்காமன்' என்ற தேர்வைக் கொடுத்தால் பிழைச்செய்தி மறையும். 610 பேரின் சம்பளப் பட்டியலும் திரும்பி வரும்.