அணிலுக்கும் செம்பருத்திக்கும் நடுவுல அரை இன்ச் வலை!

காலை ஆறரைக்குப் பார்த்தா செம்பருத்தியில எட்டு மொட்டு. எட்டரைக்கு காலேஜ் கிளம்பும்போது எண்ணினா மூணு. மிச்சம் அஞ்சும் பாதி கடிச்சுத் துப்பின நிலையில தரையில கிடக்கும். குற்றவாளி எங்கேன்னு தேடவே வேணாம். கேபிள் டி.வி. ஒயர் மேல உட்கார்ந்து, வாலைச் சிலுப்பி, ‘கீச் கீச்’னு நம்மளையே திட்டிக்கிட்டு இருக்கும்!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்... இந்த ரூட்ல பூச்செடி வளர்க்குற யாரைக் கேட்டாலும் இதே கதைதான். நம்ம ஏரியாவுல தோட்டம்னா என்ன பாஸ்? பெயின்ட் டப்பா, ஓட்டைக் குடம், மீன் வந்த தெர்மாகோல் பெட்டி... மண்ணைக் கொட்டி மொட்டைமாடியில வெச்சா அதுதான் நந்தவனம். கன்டெய்னர் லாரி புழுதியையும் கடலோர உப்புக்காத்தையும் சமாளிச்சு அதுல ஒரு பூ பூக்குறதே சாதனை. அதையும் ஒருத்தன் கொறிச்சா கடுப்பு வருமா, வராதா?

சரி, நெட்ல தீர்வு தேடலாம்னு போனா, வந்து நிக்குறது ‘சிப்மங்க்’. 2007-ல வந்த ‘ஆல்வின் அண்ட் த சிப்மங்க்ஸ்’ படத்துல பாட்டுப் பாடுமே, அதே பார்ட்டிதான். ஆனா, சிப்மங்க் நம்ம நாட்டுலயே கிடையாது. அந்தக் குடும்பத்துல ஒண்ணே ஒண்ணு ஆசியாவுல இருக்கு, மத்ததெல்லாம் வட அமெரிக்கா. அது மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழும். நம்ம முதுகுல மூணு கோடு போட்ட அணிலோ மரத்துலயும் கூரையிடுக்குலயும் கூடு கட்டுற ஆளு. அதனால ‘வளையை அடை’ங்கிற அமெரிக்க டிப்ஸ் எல்லாம் இங்கே வேஸ்ட்.

எந்த சர்க்யூட் வேலை செய்யலைன்னாலும் முதல்ல ஃபால்ட் எங்கேன்னுதானே பார்ப்போம்? இங்கேயும் அதான். அணில் எதுக்கு வருது? மொட்டும் தேனும் அதுக்குச் சாப்பாடு. இளகின மண்ணு, தீனியைப் புதைக்கவும் கிளறித் தேடவும் வசதி. தேங்காய் நார், பழைய துணி, நூல் எல்லாம் கூடு கட்ட மெட்டீரியல். அதுபோக, அதோட முன்பல்லு வாழ்நாள் பூரா வளர்ந்துக்கிட்டே இருக்கும். எதையாவது கடிச்சுத் தேய்க்கலைன்னா அதுக்கே ஆபத்து. ஸோ, அது வில்லன் எல்லாம் இல்லை. சுத்தி மரம் குறைஞ்ச ஊர்ல, நம்ம பத்துத் தொட்டிதான் அதுக்கு மெஸ், ஹாஸ்டல் ரெண்டும்.

மிளகாய்த்தூள் வேலை செய்யுமா? கொஞ்ச நேரத்துக்கு. மிளகாயில இருக்குற கேப்சைசின், பாலூட்டிகளோட நரம்புல இருக்குற ஒரு ‘சூடு உணரி’யைத் தட்டிவிடும். அதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் பரிசுல பங்கு. பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். ஆனா, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா நோபலும் சேர்ந்து கழுவிக்கிட்டுப் போயிடும். தினமும் தூவணும். காத்தடிச்சா நம்ம கண்ணுதான் எரியும்.

அல்ட்ராசோனிக் மிஷின்? காசைக் கரியாக்காதீங்க. அமெரிக்காவுல வணிகத்தைக் கண்காணிக்கிற எஃப்.டி.சி., ‘நீங்க சொல்றதுக்கு ஆதாரம் வேணும்’னு 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகளையும் கடைகளையும் 2001-லயே எச்சரிச்சது. பூனை? காசிமேட்டுப் பூனைக்கு மீன் இருக்கும்போது அணில் எதுக்கு!

உருப்படியான வழி, தடுப்புதான். அரை இன்ச் கட்டம் இருக்குற வெல்டட் மெஷ் வாங்கி, செடியைச் சுத்தி நாலு இன்ச் இடைவெளி விட்டுக் கூண்டு மாதிரி நிறுத்துங்க. அணில் நுழையாது, தேனீ தாராளமா நுழையும். நைலான் வலை வேணாம். கடிச்சுடும், இல்லைன்னா கால் மாட்டிக்கிட்டுத் தவிக்கும். நம்ம உப்புக்காத்துக்கு சாதா ஜி.ஐ. கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். அதனால பி.வி.சி. கோட்டிங் போட்டதா கேட்டு வாங்குங்க. தொட்டி மண்ணு மேல கருங்கல் ஜல்லியைப் பரப்பிட்டா கிளற முடியாது. துணிக்கொடி வழியா வருதா? ரெண்டு முனையும் ஓட்டை போட்ட வாட்டர் பாட்டிலைக் கொடியில கோத்துவிடுங்க. அணில் கால் வெச்சதும் பாட்டில் உருளும், அப்படியே ரிட்டர்ன்! கரண்ட் ஒயர் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீங்க. மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம்னு 2021-ல அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்னப்போ ஊரே மீம்ஸ் போட்டுச் சிரிச்சது. ஆனா, ரெண்டு கம்பியை ஒரே நேரத்துல தொட்டா ஷார்ட் சர்க்யூட்தான். அணிலுக்கும் அதே விதி, நமக்கும் அதே விதி.

இதையெல்லாம் எங்க தெரு பூக்கார ஆயாகிட்ட சொன்னப்போ சிரிச்சாங்க. ‘‘இன்னாத்துக்கு கண்ணு இம்மாம் வேலை? எலி பேஸ்ட்ட தடவி வெச்சா முடிஞ்சுது.’’

இங்கேதான் மேட்டர் சீரியஸ். எலி பேஸ்ட்ல இருக்குற மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலையே காலி பண்ணிடும். அதுக்கு நேரடி மாற்று மருந்தும் இல்லை. 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்குள்ள வெச்ச எலி மருந்தோட நெடியில ரெண்டு குழந்தைங்க இறந்துபோனாங்க. நம்ம மொட்டைமாடி யாரோட பிளேகிரவுண்டு? பொடிசுங்களோடதுதானே. செத்த அணிலைத் தின்ன வர்ற காக்காவும் பூனையும் தனிக் கணக்கு. ‘‘பேரன் மாடியிலதானே ஆயா விளையாடுறான்?’’னு கேட்டேன். ஆயா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ‘‘அந்த வலை எங்க விக்குது, சொல்லு’’ன்னாங்க.

இன்னும் ஒண்ணு. தொட்டிகளை விட்டுத் தள்ளி ஒரு கொட்டாங்குச்சியில தண்ணி வைங்க, பக்கத்துலயே கொஞ்சம் தேங்காய் நாரும் கட்டித் தொங்கவிடுங்க. கத்திரி வெயில்ல தண்ணிக்காக மொட்டைக் கடிக்கிற அவசியம் குறையும். வலைக்குள்ள வராத சின்னச் செடிக்கு நித்யகல்யாணியைப் போடுங்க. கசப்பு தாங்காம ஆடுகூட அதுல வாய் வைக்காது.

ஒருவேளை தொட்டி இடுக்குல ஏற்கெனவே கூடு இருந்து, உள்ளே கண்ணு திறக்காத குட்டிங்க கிடந்தா, கலைக்காதீங்க. பால்குடி மறக்க சுமார் பத்து வாரம் ஆகும். அதுவரைக்கும் அந்தத் தொட்டிக்கு மட்டும் தண்ணியை ஓரமா ஊத்துங்க.