“ஊருக்குப் போன பிறகு பார்ப்பம்”

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதா? ஊருக்குப் போன பிறகு பார்ப்பம். வெற்றிலை புகையிலையை விடுவதா? வளவில் நாலு கீரைப் பாத்தி போடுவதா? சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பதா? எல்லாம் ஊருக்குப் போன பிறகுதான்.

சொந்த மண்ணை நினைத்துச் சொல்லும் வார்த்தை என்பதால் இதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் இந்த ஒரு வார்த்தை எத்தனை வருடங்களை விழுங்கக்கூடும் என்பதை நமது திருகோணமலை மாவட்டமே கண்டிருக்கிறது. 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறிய மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் தமது காணிகளுக்குத் திரும்பினார்கள். கைக்குழந்தையாக வெளியேறிய பிள்ளை ஒன்பது, பத்து வயதில் ஊரைக் கண்டது. அந்தப் பிள்ளையின் எலும்பும் பல்லும் வளர்த்தியும் முகாமிலேயே உருவாகிவிட்டன. காணி காத்திருக்கலாம், உடம்பு காத்திருப்பதில்லை. பாலையூற்றில் வாடகை வீட்டில் இருந்தாலும், தகரக் கொட்டிலில் இருந்தாலும் இது பொருந்தும்.

இது சோம்பலா?

இல்லை. ஐப்பசி மழை விழுந்ததும் விடியுமுன் வயலில் நிற்பவர்களைச் சோம்பேறிகள் என்று எவரும் சொல்ல முடியாது. பின் ஏன் நல்லதென்று தெரிந்ததையும் தள்ளிப்போடுகிறோம்?

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2013 இல் வெளியானது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாமல் கடனோடு இருக்கும்போது அவர்களுக்குச் சில அறிவுத்திறன் சோதனைகள் கொடுக்கப்பட்டன. அறுவடை முடிந்து காசு வந்த பிறகு அதே ஆட்களுக்கு மீண்டும் கொடுக்கப்பட்டன. அறுவடைக்கு முன் அவர்கள் குறைவாகவே செய்திருந்தார்கள். ஆட்கள் மாறவில்லை. காசுக் கவலை மனதின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

காணிக் கவலை, நிவாரணக் கவலை, பிள்ளைகளின் படிப்புக் கவலை என்று சுமக்கும் மனதிடம் புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொன்னால் அது “நாளைக்கு” என்றுதான் சொல்லும். ஆகவே நம்மை நாமே திட்டுவதில் பயனில்லை. வேலையைச் சிறிதாக்குவதே வழி.

கையில் காசுள்ள நேரம்

கென்யா நாட்டின் மேற்குப் பகுதி விவசாயிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2011 இல் வெளியானது. அடுத்த போகத்துக்கு உரம் வாங்குவோம் என்று பலர் சொல்வார்கள். விதைக்கும் காலம் வரும்போது காசு கரைந்திருக்கும். அறுவடை முடிந்த உடனேயே வீட்டு வாசலுக்குச் சென்று, உரத்துக்கு அப்போதே பணம் வாங்கி, பின்னர் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உரம் பாவித்தோர் தொகை கணிசமாகக் கூடியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. கூலி கிடைத்த அன்றே, வேறு செலவுக்கு முன், ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்கி வையுங்கள். மாதக் கடைசியில் மனவுறுதியைத் தேடத் தேவையில்லை.

எங்கே தொடங்குவது?

1. ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்து பழக்கத்தை ஒன்றாகத் தொடங்கினால் ஐந்தும் போகும்.

2. தினமும் செய்யும் வேலையோடு கட்டிவிடுங்கள். “இனிக் கை கழுவுவேன்” என்பது காற்றில் போகும். “பிள்ளைக்குச் சோறு குழைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன்” என்பது நிலைக்கும். சவர்க்காரத்தைக் குசினி வாசலிலேயே தொங்கவிடுங்கள். அதுபோல், இரவுச் சோறு இறக்கியதும் அதே அடுப்பில் தண்ணீர்ப் பானையை வையுங்கள். தணலில் சுட்டால் போதாது. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஆறியதும் மூடிவைத்தால் மறுநாளைக்குக் குடிதண்ணீர் தயார்.

3. வாரத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்ததை நாம் அறிவோம். தேங்கிய தண்ணீரில் பொரிக்கும் டெங்குக் குடம்பி நுளம்பாகிப் பறக்க ஏறக்குறைய 8 முதல் 10 நாட்கள் செல்லும். வாரத்துக்கு ஒருமுறை சிரட்டை, ரயர், வாளி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்தால் அது பறக்காது. “அடுத்த கிழமை பார்ப்பம்” என்று விடும் அந்தக் கிழமையே நுளம்புக்குப் போதும்.

4. திகதியைக் கேட்டு வையுங்கள். 2011 தொடக்கம் அரசாங்க வைத்தியசாலைகளில் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றை இலவசமாகச் சோதிக்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் எந்த நாள் போகலாம் என்று இன்றே விசாரியுங்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருத்தங்கள் பல வருடம் வலியில்லாமலே இருக்கும்.

5. விடும் பழக்கத்துக்கு மாற்று வையுங்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயைத் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் அறிவித்திருக்கிறது. சாப்பிட்டதும் வெற்றிலைத் தட்டுக்குப் பதிலாக ஒரு நெல்லிக்காயோ ஏலக்காயோ கைக்கு எட்டட்டும். வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தால் பல் வைத்தியரிடம் உடனே காட்டுங்கள்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

லண்டனில் 96 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2009 இல் வெளியானது. புதுப்பழக்கம் தானாக வரும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாட்கள் பிடித்தன. சிலருக்கு 18 நாட்கள். சிலருக்கு 254 நாட்கள்வரை செல்லும் என்று கணிக்கப்பட்டது. 66 நாட்கள் என்றால் பயறு விதைத்து நெற்றுப் பறிக்கும் காலம். அந்தப் பொறுமை நமக்குப் பழக்கமானதே. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஒரு நாள் தண்ணீர் கட்டத் தவறினோம் என்று வயலைக் கைவிடுகிறோமா? செய்த நாளுக்குத் தகரத்தில் ஒரு கரிக்கோடு கீறுங்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கீறினால் இன்னும் நல்லது.

ஊர் திரும்பும் திகதி நம் கையில் இல்லை. அதற்காகக் கேட்பதையும் மனுக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த நாள் வரும்போது காடு வெட்டவும் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் திடமான உடம்பு வேண்டும். அந்த உடம்பை இப்போது இருக்கும் இடத்திலேதான் காக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. “ஊருக்குப் போன பிறகு” என்று எமது வீட்டில் தள்ளிவைத்தவை எவை?

2. அவற்றில் இன்று மாலையே தொடங்கக்கூடியது எது? எந்த வேலையோடு அதைக் கட்டலாம்?

3. அடுத்த கூட்டம்வரை யார் யாரைப் பார்த்துக்கொள்வது?