மினி டிராக்டருக்கு எடை வேண்டுமா? ஆளை உட்கார வைக்காதீர்கள்!

மயிலாப்பூரில் குடியிருக்கும் வாசகர் ஒருவருக்கு மதுராந்தகம் பக்கம் 4 ஏக்கர் நிலம். பாதி தென்னை, பாதி காய்கறி. சனி, ஞாயிறுகளில் போய்ப் பார்த்துக்கொள்கிறார். அவர் எழுதிய கடிதம் இது:

'போன வருடம் மினி டிராக்டர் வாங்கினேன். ரோட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. ஈரக் களிமண்ணில் கொத்துக் கலப்பை போட்டால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கம்பெனி எடைக்கட்டிகளின் விலை அதிகம். இப்போதைக்கு டிரைவர் தன் மகனை பானெட் மேல் உட்கார வைத்து ஓட்டுகிறார். செலவில்லாமல் எடை கூட்ட வழி உண்டா?'

வழி உண்டு. ஆனால் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் இதே காட்சியைப் பார்த்தேன். பானெட்டில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். வரப்பைத் தாண்டியதும் தூக்கியிருந்த முன்பக்கம் 'தொப்'பென்று இறங்கியது. பையன் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தான். சேறாக இருந்ததால் கால் எலும்பு முறிவோடு தப்பினான். கெட்டித் தரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பரம்புப் பலகை மேல் ஆள் நிற்பதும், மட்கார்டில் ஆள் உட்காருவதும் இதே ஆபத்துதான். எடை வேண்டுமானால் கல்லையோ, தண்ணீரையோ, இரும்பையோ ஏற்றுங்கள். ஆளை ஏற்றாதீர்கள்.

எங்கே குறைகிறது எடை?

இரண்டு தொல்லைக்கும் மருந்து ஒன்றல்ல. முன்பக்கம் தூக்கினால் முன்னால் எடை வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் பின்னால் எடை வேண்டும். மாற்றிப் போட்டால் தொல்லை கூடும்.

கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்துத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் பின் அச்சுதான் துலா தாங்கும் கால். ஒரு கணக்குப் போடுவோம். டிராக்டரின் எடை 850 கிலோ, அதில் முன் அச்சில் நிற்பது 340 கிலோ, இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்று வைப்போம். 250 கிலோ ரோட்டாவேட்டர் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்கினால், முன் அச்சு சுமார் 167 கிலோவை இழக்கிறது. மிச்சம் 173 கிலோ. ஸ்டியரிங் பிடிமானத்துக்கு டிராக்டர் எடையில் குறைந்தது 5-ல் 1 பங்காவது முன்சக்கரங்களில் நிற்க வேண்டும். இங்கே அது 170 கிலோ. சமதரையிலேயே விளிம்பில் நிற்கிறது. வரப்பு ஏறினால் தூக்கத்தானே செய்யும்?

முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வெறும் 60 கிலோ மாட்டினால், அதே துலாக் கணக்குப்படி முன் அச்சில் 80 கிலோ கூடும். அவ்வளவுதான் தேவை.

உங்கள் டிராக்டரின் எடையை அறிய, பக்கத்து ஊர் லாரி எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். முழு டிராக்டரையும் ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். கருவியைத் தூக்கிய நிலையிலும் பாருங்கள்.

முன்பக்கத்துக்கு: சிமெண்ட் கட்டிகள்

கான்கிரீட் ஒரு லிட்டர் ஏறத்தாழ 2.4 கிலோ. 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 11 செ.மீ. கனத்தில் மரப்பெட்டி அடித்து ஊற்றினால் ஒரு கட்டி 20 கிலோ வரும். ஒருவரே தூக்கி மாட்டலாம். மூன்று கட்டிகளுக்கு 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்ற கலவையில் சுமார் 10 கிலோ சிமெண்ட் போதும். உள்ளே 8 மி.மீ. கம்பி வையுங்கள். போல்ட் நுழைய இரண்டு குழாய்த் துண்டுகளையும் பதித்துவிடுங்கள். 10 நாள் நனைத்து வைத்த பிறகே மாட்ட வேண்டும்.

பம்பரில் எடைக்கட்டி மாட்ட கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில் மட்டும் இரட்டை நட் போட்டு முறுக்குங்கள். முன் அச்சிலோ சட்டத்திலோ துளை போடவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை மறைக்காதீர்கள். கையேட்டில் உள்ள அதிகபட்ச எடையைத் தாண்டவும் வேண்டாம்.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் தேய்ந்த லாரி பிரேக் டிரம் கிடைக்கும். எடை போட்டு வாங்கி, பட்டறையில் தாங்கி செய்து மாட்டலாம். மணல் மூட்டையைக் கயிற்றால் கட்டுவது மட்டும் வேண்டாம். அது குலுங்கிக் குலுங்கி அவிழ்ந்து சக்கரத்தில் விழும்.

பின்பக்கத்துக்கு: முதலில் லீவர், பிறகு தண்ணீர்

எடை கூட்டுமுன் டிராஃப்ட் லீவரைப் பாருங்கள். ஹாரி ஃபெர்குசன் மூன்று புள்ளி இணைப்பை வடிவமைத்ததே, இலேசான டிராக்டரும் கலப்பையின் இழுவிசையைத் தன் பின்சக்கரத்தின் மேல் எடையாக வாங்கிக்கொள்ளத்தான். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் வரும் பெயர் அவருடையதுதான். கொத்துக் கலப்பைக்கு டிராஃப்ட் லீவர், ரோட்டாவேட்டருக்குப் பொசிஷன் லீவர். பலர் எல்லாவற்றுக்கும் பொசிஷனிலேயே ஓட்டிவிட்டுச் சக்கரம் சுற்றுகிறது என்கிறார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பின் டயரில் தண்ணீர் நிரப்பலாம். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, வால்வு உச்சியில் நிற்கும்படி திருப்புங்கள். வால்வு ஊசியைக் கழற்றித் தண்ணீர் விடுங்கள். வால்வில் வழியும்போது டயர் முக்கால் பங்கு நிரம்பியிருக்கும். மீதி இடத்தில் காற்று. முழுக்க நிரப்பினால் டயர் கல்லாகிவிடும். 8.3-20 அளவு டயர் என்றால் ஒன்றுக்கு 45 லிட்டர் அளவில் பிடிக்கும். இரண்டிலும் சேர்த்து 90 கிலோ. இரு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

போதுமா என்று எப்படித் தெரியும்?

பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பை மண்ணில் இருக்க, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்துக்கு இரு முனையிலும் குச்சி நடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரம் ஓட்டுங்கள். 9 அல்லது எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 10 முதல் 15 சதவீதம். அது சரியான அளவு. 8-க்குக் கீழே போனால் எடை போதாது. பத்துக்குப் பத்தே சுற்றினால் எடை அதிகம். டீசல் வீண், மண்ணும் இறுகும், தென்னையின் மேல்வேர்களுக்கும் கேடு.

எடை கூட்டிவிட்டோம் என்று வரப்பில் வேகம் வேண்டாம். வரப்பைச் சரிவாக வெட்டி வழி செய்யுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி, கருவியைத் தரையில் உரசாத அளவுக்கு மட்டும் தூக்கி, முதல் கியரில் நேராகக் கடந்து போங்கள். மேடு அதிகமென்றால் பின்பக்கமாக ஏறுங்கள்.

வாசகர் கேள்விகள்

*எங்கள் தோட்டத்து போர் தண்ணீர் உப்பு. டயரில் விடலாமா? (அடையாறு வாசகர்)*

வேண்டாம். டியூப் கசிந்தால் ரிம்மும் வால்வும் துருப்பிடிக்கும். மழைநீரோ நல்ல தண்ணீரோ விடுங்கள். டியூப்லெஸ் டயரென்றால் தண்ணீர் ரிம்மையே தொடும். அதற்குச் சிமெண்ட் கட்டியோ இரும்போதான் ஏற்றது.

*சேற்றுழவுக்கும் இதே எடை இருக்கலாமா? (தி.நகர் வாசகர்)*

கூடாது. டிராக்டர் புதையும், அடிமண்ணின் கெட்டித்தளமும் உடையும். கட்டிகளைக் கழற்றிவிட்டு, டயர் தண்ணீரையும் வடித்துவிட்டு, கேஜ் வீல் மாட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கோட்டத்து வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அந்தத் துறையின் தலைமை அலுவலகம் சென்னை நந்தனத்தில் உள்ளது.

மயிலாப்பூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. அடுத்த சனிக்கிழமை நிலத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பையனை பானெட்டிலிருந்து இறக்குங்கள். கட்டிகள் காய்ந்து மாட்டும்வரை, ரோட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறவே வேண்டாம்.