ஈஸ்ட் செல்லுக்குள் அயல்மரபணு

நுழையும்முன்
ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட், மனித உயிர் காக்கும் தடுப்பூசியையும் ஆக்கித் தருகிறது. பிற உயிரியின் மரபணுவை அதன் செல்லுக்குள் செலுத்தும் ஆய்வக முறையே இதற்கு வழிவகுத்தது. அம்முறையை இப்பாடப்பகுதி விளக்குகிறது.

ஈஸ்ட் ஒரு செல்லாலான பூஞ்சை. மனிதச் செல்லைப் போன்றே அதற்கும் உட்கரு உண்டு. எனினும், ஆய்வகத்தில் எளிதாகவும் விரைவாகவும் பெருகும். இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்தமையால் மரபியல் அறிஞர்கள் ஈஸ்ட்டை விரும்பித் தேர்ந்தனர்.

சுவரைக் கடத்தல்
ஈஸ்ட் செல்லைச் சுற்றி உறுதியான செல்சுவர் உள்ளது. அயல் டி.என்.ஏ. அதனை எளிதில் கடப்பதில்லை. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் ஆகியோர் நொதிகளால் அச்சுவரைக் கரைத்து, மரபணுவை உட்செலுத்தினர். ஆனால், சுவரிழந்த செல்கள் எளிதில் சிதைவன. 1983இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இத்தோ குழுவினர், சுவரைக் கரைக்காமலே மரபணுவைச் செலுத்தும் எளிய வழியைக் கண்டனர்.

அவ்வழியில், நன்கு வளர்ந்துவரும் ஈஸ்ட் செல்கள் முதலில் லித்தியம் அசிட்டேட் கரைசலில் இடப்படுகின்றன. செலுத்தவேண்டிய மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் என்னும் வட்டவடிவ டி.என்.ஏ. அவற்றுடன் சேர்க்கப்படுகிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பிசுபிசுப்பான பொருள், டி.என்.ஏ.வைச் செல்லின் மேற்பரப்பில் படியச் செய்கிறது. பின்னர் 42 டிகிரி செல்சியசு வெப்பம் சிறிது நேரம் அளிக்கப்பட, சில செல்களுக்குள் டி.என்.ஏ. நுழைகிறது.

பசியே சல்லடை
கோடிக்கணக்கான செல்களுள் மிகச் சிலவே டி.என்.ஏ.வை ஏற்கின்றன. கண்ணால் வேறுபாடு காண இயலாத அச்சிலவற்றை எவ்வாறு கண்டறிவது?

இதற்காக, லூசின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே ஆக்க இயலாத ஈஸ்ட் வகை முன்னரே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதனை ஆக்கும் மரபணு பிளாஸ்மிட்டில் இணைக்கப்படுகிறது. பின்னர்ச் செல்கள் லூசின் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் பரப்பப்படுகின்றன. பிளாஸ்மிட்டைப் பெறாதவை பெருக வழியின்றி நிற்க, பெற்றவை மட்டும் இரண்டு, மூன்று நாள்களில் வெண்புள்ளிகளாய்த் திரள்கின்றன.

பிளாஸ்மிட் சேர்க்கப்படாத செல்களும் மற்றொரு தட்டில் பரப்பப்படும். அத்தட்டு வெறுமையாய் இருத்தல் வேண்டும். அதிலும் புள்ளிகள் தோன்றுமாயின் முதல் தட்டின் வெற்றி ஐயத்திற்குரியதாகும். தன் முடிவைத் தானே ஐயுற்றுச் சோதிப்பதே அறிவியலின் நேர்மை.

மாந்தர்க்குப் பயன்
ஹெப்பாடைட்டிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் வைரசு நோய். அதற்கான தொடக்ககாலத் தடுப்பூசி, அவ்வைரசைத் தாங்கியோரின் குருதி நீரிலிருந்தே உருவாக்கப்பட்டது. பின்னர், வைரசின் மேலுறைப் புரதத்திற்குரிய மரபணுவை மட்டும் ஈஸ்ட்டினுள் செலுத்தி, அப்புரதத்தை அறிஞர்கள் பெற்றனர். அதனைக் கொண்டு உருவான தடுப்பூசிக்கு 1986இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முழு வைரசு இன்மையால் அது நோயை உண்டாக்காது. நோயை எதிர்க்க மட்டும் உடலைப் பழக்கும். நோயுற்றோர் குருதியை நாடவேண்டிய நிலையும் நீங்கியது.

கற்பவை கற்றபின்
லூசின் உள்ள ஊடகத்தில் செல்களைப் பரப்பியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.