ஜெஞ்சாரோம் புகை கேட்ட மூன்று கேள்விகள்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில், தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டியதும் ஜெஞ்சாரோம் வந்துவிடும். சீனப் புத்தாண்டு சமயத்தில் டோங் ஜென் புத்த ஆலயத்து விளக்குகளைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு சிறு பட்டணம். அமைதியான ஊர்தான்.

அந்த ஊருக்கு 2018-ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அந்தக் கழிவுகள் கப்பல் ஏறி மலேசியாவுக்குத் திரும்பின. கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்தில் உரிமம் இல்லாத பிளாஸ்டிக் ஆலைகள் காளான்போல் முளைத்தன. விற்க உதவாத கழிவை இரவில் கொளுத்தினார்கள். ஜெஞ்சாரோம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தார்கள். இருமினார்கள். கண் எரிகிறது என்றார்கள். பின்னர் 33 ஆலைகள் மூடப்பட்டன. மூடிய பிறகும் ஏறத்தாழ 17,000 டன் குப்பை அங்கே எஞ்சிக் கிடந்தது என்று 2019-இல் உலகச் செய்திகளில் ஊரின் பெயர் அடிபட்டது.

‘இதெல்லாம் தெரிந்த கதைதானே, இதை ஏன் இங்கே சொல்கிறீர்கள்?’ என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்தப் புகை ஒரு தேர்வுத் தாள். வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றிலும் ஆளுக்கொரு கேள்வியை அது ஊர் மக்கள் முன் வைத்தது. நம் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு விடை சொல்வார்களா?

புகையின் கேள்வித்தாள்

வேதியியல் கேள்வி இது: பிளாஸ்டிக் எரிந்தால் கண்ணும் தொண்டையும் ஏன் எரிகின்றன? நெகிழிப் பைகளில் பெரும்பாலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும். போதிய காற்றோடு முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான் வரவேண்டும். ஆனால் குவியலாகக் கொட்டி எரிக்கும்போது உள்ளே பிராணவாயு போதாது. அப்போது கார்பன் மோனாக்ஸைடும் கரும்புகையும் கிளம்புகின்றன. பி.வி.சி. என்ற வகைப் பிளாஸ்டிக்கில் குளோரினும் உண்டு. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு வரும். நம் கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் அது கரைந்தால் அமிலமாகிறது. எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இயற்பியல் கேள்வி: பகலைவிட இரவில் நாற்றம் ஏன் அதிகம்? இரவில்தான் கொளுத்தினார்கள் என்பது பாதி விடைதான். பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி, இலேசாகி, புகையையும் தூக்கிக்கொண்டு மேலே போகிறது. இரவில் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகித் தாழ்வாகவே தங்குகிறது. மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல் அமைந்துவிடுகிறது. புகை போக வழியில்லாமல் வீடுகளின் மட்டத்திலேயே சுற்றுகிறது.

உயிரியல் கேள்வி: மூக்கில் முடியும் சளியும் இருக்கும்போது புகை எப்படி நுரையீரலுக்குள் போகிறது? பெரிய தூசியை அவை தடுத்துவிடும். இரண்டரை மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் தப்பி, நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள்வரை போய்விடும். கார்பன் மோனாக்ஸைடோ இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொள்ளும். அதனால்தான் தலைவலி, மயக்கம்.

எரிதல், வெப்பச் சலனம், சுவாசம் மூன்றுமே பள்ளிப் பாடங்கள்தான். மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். பாடம் புத்தகத்திலும் புகை வெளியிலும் தனித்தனியே நின்றுவிட்டன.

தேர்வு மாறிவிட்டது, நாம்?

உங்களில் சிலர் எல்.சி.இ. எழுதியிருப்பீர்கள். சிலர் 1978 முதல் 1992 வரை இருந்த எஸ்.ஆர்.பி.யும், இன்னும் சிலர் அதன் பிறகு வந்த பி.எம்.ஆரும் எழுதியவர்கள். 2014-இல் பி.டி.3 வந்தது, 2022-இல் அதுவும் எடுக்கப்பட்டது. ஆக, படிவம் மூன்றின் முடிவில் ‘உன் பிள்ளைக்கு அறிவியல் வருமா, வராதா’ என்று சொல்ல நாடு தழுவிய தேர்வு எதுவும் இப்போது இல்லை. பள்ளிச் சோதனைகளும் பிள்ளையின் விருப்பமும்தான் வழிகாட்டி. படிவம் நான்கில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுப்பதா வேண்டாமா என்பதை வீட்டில் நாம்தான் கலந்து பேச வேண்டியிருக்கிறது. அந்த மூன்றையும் விட்டவர்களுக்கு மருத்துவம், பொறியியல், மருந்தியல் போன்ற கதவுகளைத் திறப்பது பின்னால் மிகவும் கடினம்.

எஸ்.பி.எம். தேர்வும் பழையபடி இல்லை. இந்த மூன்று பாடங்களுக்கும் முதல் தாளில் 40 புறநிலைக் கேள்விகள். இரண்டாம் தாளில் எழுதி விளக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து மூன்றாம் தாள் செய்முறைச் சோதனையாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நின்று, கருவியைக் கையில் எடுத்து, அளந்து, பட்டியலிட்டு, முடிவு சொல்ல வேண்டும். அதை மனப்பாடம் செய்து கொண்டுபோக முடியாது.

உலக அளவில் ‘டிம்ஸ்’ என்று ஒரு சோதனை நடக்கிறது. நம் நாட்டில் படிவம் இரண்டு மாணவர்கள் அதை எழுதுகிறார்கள். 500 புள்ளி நடுக்கோடு. அறிவியலில் மலேசியா 2003-இல் 510 புள்ளி பெற்றது. 2011-இல் 426 என்று சரிந்தது. 2015-இல் 471-க்கு ஏறி, 2019-இல் 460-க்கு இறங்கியது. அந்தச் சோதனையில் தெரிந்ததை அப்படியே சொல்லும் கேள்விகள் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவை தெரிந்ததைப் பயன்படுத்துவதும் காரணம் காண்பதும். நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை யோசிக்க இந்தக் கணக்கே போதும்.

ஒரு சொல், மூன்று பொருள்

தமிழ்ப் பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆறாண்டுகள் ‘தற்சார்பு மாறி, சார்பு மாறி’ என்று தமிழில் படித்தவன், படிவம் ஒன்றில் எல்லாவற்றையும் மலாயில் சந்திக்கிறான். வீட்டில் நாம் ‘சக்தி’ என்ற ஒரே சொல்லால் பலவற்றையும் சொல்லிவிடுகிறோம். தேர்வுத் தாளிலோ ‘டாயா’ என்றால் விசை, அளவு நியூட்டன். ‘தெனாகா’ என்றால் ஆற்றல், அளவு ஜூல். ‘குவாசா’ என்றால் திறன், அளவு வாட். மூன்றும் வேறு வேறு.

பிள்ளை விடை தெரியாமல் விழிப்பதும் உண்டு. கேள்வியின் சொல் புரியாமல் விழிப்பதும் உண்டு. மதிப்பெண் தாளில் இரண்டும் ஒரே சிவப்புக் கோடுதான். வீட்டில் தமிழில் கேட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தமிழில் சரியாகச் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அறிவியல் வருகிறது, சொல்தான் வரவில்லை என்று அர்த்தம். ஒரு சிறு நோட்டில் தமிழ்ச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் வராவிட்டால் பாடத்தையே மறுபடி பார்க்க வேண்டும். நோய் எது என்று தெரிந்துவிட்டால் மருந்து எளிது.

பாட்டியின் ஆய்வுக்கூடம்

‘நாங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள், எங்களுக்கு என்ன அறிவியல் தெரியும்?’ என்று தயங்காதீர்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ பால் மரம் வெட்டியவரா? அப்படியென்றால் அவர் தினமும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்தவர்!

இருட்டோடு எழுந்து ஓடினாரே, ஏன்? இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. அதனால் விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறையும். இது உயிரியல். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் திட்டு விழுந்ததே, ஏன்? பட்டைக்கு உள்ளே புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதைக் காயப்படுத்தினால் பட்டை சரியாக வளராது.

ஸ்டோரில் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றியதும் உறைந்தது. பாலில் உள்ள ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது. அதன் மேல் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடும். துகள்கள் மோதி, படலம் கிழிந்து, ரப்பர் ஒன்றாகச் சேர்கிறது. பாலைச் சும்மா விட்டாலும் உறையும். பாக்டீரியா மெதுவாக அமிலத்தை உண்டாக்குவதால். உறையாமல் வைக்க வேண்டுமானால் அந்த அமிலத்தை முறிக்க அமோனியா சேர்ப்பார்கள்.

இதைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்.பி.எம். வேதியியலில் ரப்பர்ப் பாடமாகவே இது இருக்கிறது. பாட்டிக்குச் செய்முறை தெரியும், பேரனுக்குக் காரணம் தெரியும். இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் அந்தப் பாடம் மறக்குமா?

வீட்டிலேயே ஒரு சோதனை

நான்கு கேள்விகள் தருகிறேன். சாப்பாட்டு மேசையில் கேளுங்கள்.

1. சுடுநீரில் சீனி சீக்கிரம் கரைகிறது என்பதை நிரூபிக்கச் சொல்லுங்கள். சுடுநீர் ஒரு குவளை, குளிர்நீர் ஒரு குவளை எடுத்தால் மட்டும் போதாது. நீரின் அளவு, சீனியின் அளவு, கலக்கும் விதம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும் பிள்ளைக்குச் செய்முறைத் தாளைக் கண்டு பயம் வராது.

2. ஐஸ் போட்ட சிராப் குவளையின் வெளியே நீர்த்துளி எங்கிருந்து வந்தது? ‘உள்ளேயிருந்து கசிந்தது’ என்று சொன்னால், சிவப்பு சிராப் கசிந்தால் துளியும் சிவப்பாக இருக்க வேண்டாமா என்று கேளுங்கள். காற்றிலுள்ள நீராவிதான் குளிர்ந்து துளியாகிறது.

3. கத்தியைத் தீட்டினால் ஏன் நன்றாக வெட்டுகிறது? கை கொடுக்கும் விசை அதேதான். விளிம்பின் பரப்பு குறைவதால் அழுத்தம் கூடுகிறது.

4. இத்தனை பெரிய செம்பனை மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? ‘மண்ணிலிருந்து’ என்றுதான் பெரியவர்களே சொல்வார்கள். வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் ஐந்தாண்டுகள் வளர்த்தார். அது 5 பவுண்டிலிருந்து 169 பவுண்டு ஆனது. மண் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் நினைத்தார். தண்ணீரோடு, காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவும் சேர்ந்துதான் மரமாகிறது என்று பின்னர் தெரிந்தது. ஒரு பெரிய அறிஞரே பாதி விடையில் நின்றுபோனார் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தவறு செய்வதில் வெட்கமில்லை என்று புரியும்.

விடை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘ஏன்?’, ‘உனக்கு எப்படித் தெரியும்?’, ‘அதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்?’ என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிள்ளை தவறாகச் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். ஒருமுறை சிரித்துவிட்டால் அடுத்த முறை வாய் திறக்கமாட்டான்.

மீண்டும் ஜெஞ்சாரோம்

அந்தப் புகைக்கு விடை கண்டவர்கள் யார் தெரியுமா? முதலில் எழுந்தவர்கள் அந்த ஊர் மக்கள்தான். சாலை சாலையாகச் சுற்றி எந்த ஆலை எங்கே இருக்கிறது என்று குறித்தார்கள். படம் எடுத்தார்கள். அதிகாரிகளிடம் சான்றோடு போய் நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் வேதியியல் அறிந்த ஒரு பெண்மணி. ‘நாற்றம் தாங்கவில்லை’ என்று எல்லோரும் சொல்லலாம். எது எரிகிறது, அதனால் என்ன கெடுதல் என்று சொல்ல ஒருவராவது படித்திருக்க வேண்டும் அல்லவா?

2020-ஆம் ஆண்டு ஜனவரியில், அதுவரை 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை அனுப்பிய நாடுகளுக்கே திருப்பிவிட்டதாக மலேசிய அரசாங்கம் அறிவித்தது. அதன் பின்னால் ஜெஞ்சாரோம் போன்ற ஊர்களின் குரலும் இருந்தது.

நாளை உங்கள் ஊருக்கும் ஒரு புகை வரலாம். ஆற்று நீர் நிறம் மாறலாம். அப்போது உங்கள் தெருவில் ‘இது ஏன்?’ என்று கேட்டு, அளந்து பார்த்து, சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்க வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழில் வரும் ‘ஏ’ நல்லதுதான், வரட்டும். ஆனால் அந்தப் பிள்ளையை உருவாக்கும் முதல் சோதனையை நடத்த வேண்டியவர் நீங்கள்தான்.

இன்று இரவு ஐஸ் போட்ட ஒரு குவளையை மேசையில் வையுங்கள். பிள்ளையைக் கூப்பிடுங்கள்.