காற்றுக்கு முன் ஓதம்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் தொழிலை நம்பி வாழ்பவர்களுக்குப் பூஞ்சை என்பது புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமன்று. குரோமியத்தில் பதனிட்டு நீலம் பாய்ந்த 'வெட் புளூ' தோலை மருந்து சேர்க்காமல் ஈரத்தோடு அடுக்கி வைத்தால், கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தோன்றிச் சரக்கின் விலை இறங்கிவிடும் என்பதையும், அது நேராமல் காக்கவே டிரம்மில் பூஞ்சைக்கொல்லி சேர்க்கப்படுகிறது என்பதையும் அங்கே கூலிக்கு வேலை பார்ப்பவரும் அறிவார். அதே மனிதர் மாலையில் குடியாத்தத்தில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பி, கார்த்திகை அடைமழையில் படுக்கையறைச் சுவரின் மூலையில் அதே கறுப்புப் புள்ளிகளைக் காணும்போது, அவற்றின்மேல் ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விடுகிறார். பிறர் காலுக்குப் போகும் தோலுக்குக் காட்டுகிற ஜாக்கிரதையைத் தம் பிள்ளைகளின் சுவாசத்துக்குக் காட்டாமல் இருப்பது அலட்சியத்தால் அன்று; சுவரில் இருக்கும் கறைக்கும் இரவில் குழந்தைக்கு வரும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே காரணம்.

குடியாத்தத்து வீடுகளில் ஈரத்துக்குக் குறைவில்லை. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிய, ஊரின் நடுவே ஓடும் கௌண்டன்ய மாநதி பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்ததில் குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். இவ்வளவு கோரமான விளைவைத் தராத வருஷங்களிலும், மொட்டை மாடித் தளத்தின் விரிசல் வழியாகவும், அடிமானத்திலிருந்து சுவரில் ஏறும் ஓதமாகவும், குளியலறைக் குழாயின் கசிவாகவும் நீர் வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. இவற்றோடு, வீட்டையே தொழிற்சாலையாகக் கொண்ட இவ்வூர் மக்களின் ஜீவனோபாயமும் சேர்ந்துகொள்கிறது. பீடி சுற்றும் பெண்கள் இலையை நீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி இரவெல்லாம் பதமாக வைத்திருந்து, மறுநாள் தகட்டை அளவாக வைத்துக் கத்தரிக்கிறார்கள்; கைலி நெய்யும் வீடுகளில் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். நனைந்த இலையும் மாவுக் கஞ்சியும் பூஞ்சைக்கு விருந்து. அந்த விருந்து நடக்கும் அறையிலேதான் பெரும்பாலும் குடும்பமும் உறங்குகிறது.

பூஞ்சை தன் இனத்தைப் பெருக்குவது கண்ணுக்குத் தெரியாத வித்துகளால். ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்து ஒரு மில்லிமீட்டரை முந்நூறு நானூறு கூறாக வகிர்ந்தால் வரும் ஒரு கூறின் அளவே உள்ளது. மூக்கின் மயிர்களையும் தொண்டையின் சளியையும் தாண்டி நுரையீரலின் அடிவரை செல்ல அந்த அளவு போதும். அது எல்லோரையும் வருத்துவதில்லை. முக்கியமாக ஒவ்வாமை உடைய சரீரத்தில் தும்மலையும் மூக்கடைப்பையும், நம் மக்கள் 'வீசிங்' என்று சொல்கிற மூச்சிரைப்பையும் எழுப்புகிறது. பூஞ்சையின் கூட்டாளிகளும் உண்டு. வீட்டுத் தூசி சிலருக்கு ஆகாது என்று மட்டும் நெடுங்காலம் அறிந்திருந்த வைத்திய உலகத்துக்கு, அதற்குக் காரணம் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசு உண்ணி என்ற எட்டுக்கால் உயிர் என்பதை 1964-இல் எடுத்துக் காட்டியவர்கள் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான வூர்ஹார்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் ஆவர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்னும் அந்த உயிர் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே, காற்றின் ஈரப்பதம் வெகுநாள் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அது வற்றி மடிகிறது. பூஞ்சைக்கும் உண்ணிக்கும் பொதுவான ஆதாரம் ஈரம் என்பதை வாசகர் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

காற்றில் இருப்பதைப் பிடித்துப் பார்க்கும் ஆசை புதியதன்று. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1860-இல், கொதிக்கவைத்து மூடிய சத்துநீர்க் குப்பிகளை மலையடிவாரத்திலும், ஜூரா மலைமேலும், ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றங்கரையிலும் இடத்துக்கு இருபதாகத் திறந்து மூடினார். அடிவாரத்தில் எட்டும், ஜூராவில் ஐந்தும், பனியாற்றங்கரையில் ஒன்றே ஒன்றும் கெட்டன. உயரம் ஏற ஏறக் காற்றில் கிருமிகள் குறைகின்றன என்பது அவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. நம் நாட்டிலேயே டக்ளஸ் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர், கல்கத்தாவின் சிறைச்சாலை வளாகங்களில் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றுக்குக் காட்டி, அவற்றில் ஒட்டியவற்றை நுண்ணோக்கியில் நாள்தோறும் பார்த்து, 1873-இல் ஒரு நூலாக வெளியிட்டார். மகரந்தமும் பூஞ்சை வித்தும் காற்றில் ஏராளமாக இருக்கக் கண்ட அவர், அவற்றின் எண்ணிக்கை கூடுவதற்கும் குறைவதற்கும் அக்காலத்தில் பரவிய காய்ச்சல், காலரா முதலிய நோய்களுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். காற்றில் இத்தனை இருக்கிறது என்று எண்ணுவது ஒன்று, அதனால் இன்ன மனிதருக்கு இன்ன நோய் வந்தது என்று நிச்சயிப்பது வேறொன்று என்ற அந்தப் பாடம் இன்றைய வீட்டுக் காற்றுப் பரிசோதனைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்று நடைமுறையில் உள்ள பரிசோதனைகளை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் மலிவாகக் கிடைப்பது ஒரு தட்டு. அதிலுள்ள சத்துப் பசையை ஒரு மணி நேரம் போலத் திறந்து வைத்து, மூடி, சில நாட்கள் கழித்துப் பார்த்தால் நிறம் நிறமாகப் பூஞ்சை வளர்ந்திருக்கும். வித்து இல்லாத காற்று எந்த வீட்டிலும் கிடையாதாகையால், இந்தத் தட்டு எல்லா வீடுகளையும் குற்றவாளி என்றே சொல்லும்; தவிர, கனத்த வித்துகள் விழுந்து வளர, மிதக்கும் நுண்ணிய வித்துகள் தப்பிவிடும்; வளரும் சக்தி இழந்தும் ஒவ்வாமை தரும் சக்தி இழக்காத வித்துகளை அது காட்டவே காட்டாது. இதனினும் மேலானது, ஒரு சிறு பம்பினால் நிமிஷத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிஷம் காற்றை இழுத்து, ஒட்டும் கண்ணாடியில் பதியவைத்து எண்ணும் முறை. அதில் அகப்படும் காற்று 75 லிட்டர். இது சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறக்குறையப் பத்து நிமிஷத்தில் உள்ளிழுப்பது. ஒருவர் மின்விசிறியைப் போட்டாலோ, பாயை உதறினாலோ, ஜன்னலைத் திறந்தாலோ அந்த எண் மாறிவிடும். ஆகையால்தான், அதே வேளையில் வாசலில் எடுத்த காற்றோடு ஒப்பிடாமல் உள்ளே எடுத்த கணக்கை மட்டும் காட்டும் அறிக்கைக்குப் பிரயோஜனம் மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டி நூலில் இத்தனை வித்து வரை பாதகமில்லை என்ற எல்லை எதையும் வகுக்கவில்லை. ஈரத்தையும் பூஞ்சையையும் வராமல் தடுத்து, வந்தால் அகற்ற வேண்டும் என்பதே அதன் உபதேசம். கையடக்கமான நுண்துகள் மீட்டரோ ஊதுபத்திப் புகைக்கும் தாளிப்புப் புகைக்கும் எண்ணை ஏற்றிக் காட்டுமேயன்றிப் பூஞ்சை இன்னது என்று பகுத்துச் சொல்லாது.

உண்ணிக்கும், அதைப்போலவே ஒவ்வாமை தரும் கரப்பான்பூச்சிக்கும் காற்றைவிடத் தூசியே நல்ல சாட்சி. மெத்தையிலிருந்து உறிஞ்சியெடுத்த தூசியில், உண்ணியின் கழிவில் உள்ள புரதம் கிராமுக்கு 2 மைக்ரோகிராம் இருந்தால் ஒவ்வாமை உண்டாகும் அபாயமும், 10 மைக்ரோகிராம் இருந்தால் மூச்சிரைப்பு கிளம்பும் அபாயமும் அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் முன்பே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் இந்தத் தூசிப் பரிசோதனைக்குச் செலவிடும் பணத்தில் தலையணைக்கு நெருக்கமாக நெய்த உறை வாங்கிப் போட்டு, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூடான நீரில் துவைத்துவிடலாம்.

காசு செலவழியாத பரிசோதனைகள் சில உண்டு. சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சையா, உப்பா என்ற சந்தேகம் நம் வீடுகளில் அடிக்கடி எழுவது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், உப்பாயின் கரைந்து மறையும்; பூஞ்சையாயின் கரையாது, விரலில் வழுவழுப்பாகப் பூசும். கறுப்புக் கறையின்மேல் ஒரு சொட்டுப் பிளீச்சிங் நீர் விட்டு இரண்டு நிமிஷம் பொறுத்தால், பூஞ்சையாயின் வெளிறும். வெறும் அழுக்காயின் அப்படியே இருக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரமே குளிர்ந்து படிகிறது. முன்னதற்குக் கொத்தனாரும், பின்னதற்கு ஜன்னலும் வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்குவது நல்லது. ஆனால், அது மெய் சொல்கிறதா என்பதை முதலில் சோதித்துவிட வேண்டும். அதற்கு உதவுவது இந்த வட்டாரத்துத் தோல் மண்டிகளில் மூட்டை மூட்டையாகச் செலவாகும் உப்புதான். பாட்டில் மூடி ஒன்றில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் ஈரச் சேறாகும் அளவுக்கு நீர் தெளித்து, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓரிரவு வைத்தால், அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நலம் என்பது பொதுவிதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடும் நம் ஊரில் அவ்விதியை முழுதும் அனுசரிக்க இயலாது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் ஓர் அறை மட்டும் பக்கத்து அறையோடு சேர்ந்து இறங்காமல் நிற்கிறதா என்று கவனிப்பதே அக்கருவியால் நமக்குக் கிடைக்கும் பலன். அப்படி நிற்கும் அறையில் ஓதம் ஒளிந்திருக்கிறது.

வீட்டைச் சோதிப்பது போலவே ஆளையும் சோதிக்க வேண்டும். இருமல் எந்த அறையில், எந்த நேரத்தில், எந்த வேலையில் கூடுகிறது, வெளியூர் சென்றால் குறைகிறதா என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. பஞ்சுத் தூசியில் உழைப்பவர்களுக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் 'பைசினோசிஸ்' என்ற தனி நோய் உண்டு. புகையிலைத் தூளும் மூச்சைக் கெடுக்கும். இவற்றையெல்லாம் பூஞ்சையின் தலையில் கட்டிவிடலாகாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்யும் தோல் குத்துப் பரிசோதனையில், பூஞ்சை, உண்ணி, கரப்பான், மகரந்தம் ஆகியவற்றின் சாரங்களை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்திப் பதினைந்து இருபது நிமிஷம் பொறுத்தால், ஒவ்வாதது எதுவோ அங்கே 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிப்பு எழும். அலர்ஜி மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்; எத்தனை நாள், யார் நிறுத்தலாம் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நிவாரணத்திலும் நிதானம் வேண்டும். காலணிப் பெட்டிகளிலும் சோபாக்களிலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டைமெதில் ஃபியூமரேட் என்ற ரசாயனத்தைச் சிறு பொட்டலமாக வைக்கும் வழக்கம் தோல் உலகத்தில் இருந்தது. அதன் ஆவி பட்டு ஐரோப்பாவில் அநேகர் தோல் வெந்து அவதியுற்றதன் பேரில் 2009 மே முதல் அங்கே அது தடை செய்யப்பட்டது. பூஞ்சையை அழிக்க வீட்டுக்குள் விஷத்தைக் கொண்டுவரும் ஆவலுக்கு இது போதிய எச்சரிக்கை. பிளீச்சிங் நீரோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் எழும் குளோரின் வாயு பூஞ்சையைவிடக் கொடியது. மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குட்பட்ட கறையானால், என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரில் நனைத்துத் துடைத்து உலர்த்தலாம். உலர்ந்தபடியே சுரண்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். வெள்ளம் புகுந்த வீட்டில் நனைந்த பாய், மெத்தை, அட்டைப் பெட்டிகளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும். உலராதவற்றைக் கழித்துவிட வேண்டும். பொங்கலுக்குச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நம் பெரியோர் வழக்கம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதாகத் தோன்றவில்லை. மழைக்காலம் முடிந்தபின் பூசும் புதுச் சுண்ணாம்பின் கடும் காரத்தன்மையில் பூஞ்சை பிழைப்பதில்லை, சுவரின் ஈரமும் அதன் வழியே ஆவியாகிப் போகிறது. ஓதம் ஏறிய சுவரில் பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசி மூடுவதோ நீரை உள்ளே சிறைவைப்பதாகும்.

அப்படியானால் காற்றுப் பரிசோதனை வீணா என்றால், வீணன்று. அதற்கு உரிய இடம் குறுகியது. கறை கண்ணில் படாமல் பூசண நாற்றம் மட்டும் விடாது வீசும் வீட்டிலும், பழுது பார்த்தபின் வேலை சரியாக முடிந்ததா என்று அறிய வேண்டிய வீட்டிலும், புற்றுநோய் மருந்தாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்புச் சக்தி குன்றியவர் வசிக்கும் வீட்டிலும், விவரம் தெரிந்தவரை அழைத்து, உள்ளும் வெளியும் ஒருசேர அளக்கச் செய்வது நியாயம். மற்றவர்கள், கறை கண்ணெதிரே தெரியும்போது அதன் பெயரை அறியப் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்தப் பூஞ்சையானாலும் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே. அந்தப் பணத்துக்கு மாடியின் விரிசலை அடைத்து, கசியும் குழாயை மாற்றி, நனைத்த பீடி இலைக்கட்டைப் படுக்கும் அறையிலிருந்து தாழ்வாரத்துக்கு மாற்றினால், அடுத்த அடைமழை வரும்போது பரிசோதிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழாது.