முதுகு ஊசிக்கு ஏன் இந்தப் பயம்?

பேறுகாலம் நெருங்கும்போது பிரஷர் ஏறி, தலைவலியும் கண் மங்கலுமாகத் தாமதமாக வந்து சேரும் கர்ப்பிணிகளின் வீட்டார், சிசேரியனுக்கு முன் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “முதுகுல ஊசி வேண்டாம் டாக்டர், முழு மயக்கமே குடுத்துடுங்க.” அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் இப்படிப் பிரஷர் ஏறும் முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா) நோய் உள்ள பெண்ணுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான் கூடுதல் ஆபத்து.

முழு மயக்கத்தில் நடப்பது

முழு மயக்கத்துக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் எகிறும். ஏற்கெனவே 160/110-இல் இருப்பவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட அது போதும். இந்த நோயில் தொண்டைக்குள்ளும் வீங்கியிருக்கலாம். டியூப் எளிதில் இறங்காது. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட், தசைகளைத் தளர்த்தும் மருந்தின் வேலையை நீட்டிவிடும்.

ஆயுசுக்கும் முதுகுவலியா?

இல்லை. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. பிள்ளை சுமந்து பெற்ற உடலுக்கு முதுகுவலி முழு மயக்கத்துக்குப் பிறகும் வரும். பழி மட்டும் ஊசிக்கு. இதைவிடக் கனமான ஆட்சேபம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது: முதுகு ஊசியால் அழுத்தம் பாதாளத்துக்கு விழுந்துவிடும் என்பது. பிரான்சில் 2003-இல் வெளியான ஆய்வு, நோய் தீவிரமான 30 பேரை ஆரோக்கியமான 30 பேரோடு ஒப்பிட்டது. அழுத்தம் விழுந்தது ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்கு மேல். நோயுள்ளவர்களில் ஆறில் ஒருவருக்கு மட்டுமே. முழு மயக்கமே சரியான இடங்களும் உண்டு. ரத்தத் தட்டணுக்கள் 70,000-க்குக் கீழே போயிருந்தால் முதுகு ஊசியால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. வலிப்பு வந்து நினைவு தப்பியவருக்கும் முதுகு ஊசி பொருந்தாது.

தாமதம் பறித்துக்கொள்வது

முதுகு ஊசி போட முடியாத இந்த நிலைமைகள் பெரும்பாலும் தாமதத்தில் விளைபவை. வீக்கத்துக்குப் பார்லி தண்ணீர், தலைவலிக்கு மெடிக்கல் கடை மாத்திரை என்று நாளைக் கடத்துவதை எப்படிப் பொறுப்பது? பார்லி தண்ணீர் பிரஷரைக் குறைக்காது. மாத்திரை அபாய மணியை அமுக்கிவிடும். குழந்தைக்கு ஆகாது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவது இன்னும் மோசம். தயவுசெய்து ஒவ்வொரு மாதமும் பிரஷரும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். முதல் பிரசவத்திலேயே பிரஷர் வந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 16 வாரத்துக்குள் மருத்துவரிடம் குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். ஆஸ்பிரின் எடுப்பதால் முதுகு ஊசிக்குத் தடையில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் பெண்ணுக்கு வயிறு நிறைய ஊட்டி அனுப்பாதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்னென்ன மாத்திரை விழுங்கினார் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.